மலைவழியும் கடல்வழியும்

ஊர் விட்டு ஊர் செல்வதும் நாடு விட்டு நாடு செல்வதும் மனிதனுக்கு மிகப் பழமையான பழக்கங்கள். வாணிகத்தின் பொருட்டுச் சென்றோர் சிலர். கல்வியின் பொருட்டுச் சென்றோர் சிலர். பிறர்க்குத் தொண்டு செய்யச் சென்றோர் சிலர். கண்டு மகிழ்வதற்கென்றே சென்றோர் பலர். நோக்கம் எதுவாயினும் பயணம் செய்வோர் அனைவர்க்கும் பொதுவான கடமை ஒன்று உண்டு. செல்லும் இடத்தின் இயல்பை முன்னரே அறிந்து, அதற்கேற்பத் தம்மைக் காத்துக்கொள்ளுதலே அக்கடமையாகும். இங்கிலாந்திலிருந்து கடல் கடந்து வந்து கொல்லிமலையில் வாழ்ந்த தம்பதியர் இருவரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாக விளங்குகிறது.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இம்மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்துள்ளது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனும் வில்லாண்மையிற் சிறந்தவனுமாகிய ஓரி ஆண்ட மலை இது. அவனுடைய கொடையையும் வில்வன்மையையும் வன்பரணர் என்னும் சங்கப் புலவர் பாடியுள்ளார். கீழிருந்து நோக்குவார்க்கு நெட்டைச் சுவர்போலத் தோன்றும் இம்மலை, ஏறிச் சென்று காண்பார்க்கு மேடும் பள்ளமுமாக விரிந்த ஒரு தனி உலகமாகவே காட்சி தரும்.

அம்மலையில் வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்து மலையாள மொழியினர் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபு. இவர்கள் வாழும் சிற்றூர்கள் பல சேர்ந்து ஒரு 'நாடு' எனப் பெயர் பெறும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திண்ணனூர் நாடு, சேலூர் நாடு, எடப்புளி நாடு முதலியன அவ்வாறு அமைந்தவை. பள்ளங்களிலே படிப்படியாக அமைந்த நெல்வயல்கள். மேடுகளிலே சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் புன்செய் நிலங்கள். இடையிடையே பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகுக்கொடியும் காப்பிச் செடியும். இத்தகைய வளம் நிறைந்த மலைக்குச் செல்லச் சமவெளி மக்கள் ஒரு காலத்தில் அஞ்சினர் என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் அவ்வச்சத்திற்குக் காரணம் இருந்தது.

அக்காரணம் மலைக்காய்ச்சல். இன்று நாம் மலேரியா என்று கூறும் முறைக்காய்ச்சலே அது. மலையிலே சில இரவுகள் தங்கித் திரும்பியவர், நாட்கள் சில சென்றபின் நடுங்கும் குளிரும் கொதிக்கும் வெப்பமும் மாறிமாறி வர, படுத்த படுக்கையாயினர். பலர் எழவேயில்லை. இதற்கு மலைக்காற்றும் மலைநீருமே காரணம் என மக்கள் எண்ணினர். ஐரோப்பியரும் பன்னெடுங்காலம் இவ்வாறே எண்ணினர். மலேரியா என்னும் சொல்லுக்கே இத்தாலிய மொழியில் தீய காற்று என்பது பொருள். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20ஆம் நாள், செகந்திராபாத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த ரொனால்டு ராஸ் என்னும் மருத்துவர், இந்நோய்க்கு வித்தாகிய நுண்ணுயிரைக் கொசுவின் வயிற்றிலே கண்டார். காற்றின்மேல் சுமத்தப்பட்ட பழி அன்று முதல் கொசுவுக்கு உரியதாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கு 1902ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ராஸின் கண்டுபிடிப்பிற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1913ஆம் ஆண்டில், ஜெஸ்ஸி பிராண்டு என்பவரும் எவ்லின் என்பவரும் மணம் செய்துகொண்டு கொல்லிமலையில் குடியேறினர். இருவரும் இங்கிலாந்தைச் சேர்ந்த கிறித்தவச் சமயத் தொண்டர்கள். எவ்லின் இலண்டன் மாநகரிலே செல்வக் குடும்பத்தில் பிறந்து, ஓவியக்கலை பயின்றவர். ஜெஸ்ஸி எளிய மருத்துவமும் கட்டடத் தொழிலும் அறிந்தவர். அந்நாளில் மலைமீது செல்ல வண்டிப் பாதை இல்லை. காட்டுக்கும் பாறைக்கும் இடையே சென்ற ஒற்றையடிப் பாதையே வழி. வலிமை உள்ளவர் நடந்தனர். மற்றவர் ஆட்கள் சுமந்த டோலியில் சென்றனர். உப்பு முதல் மருந்து வரை, வேண்டிய பொருள் அனைத்தும் தலைச்சுமையாகவே மலையேறின. ஒரு பொருளை மறந்துவிட்டு வந்தால், அதனைப் பெறப் பல நாள் காத்திருக்க வேண்டும். எனவே, புறப்படும் முன்னரே எண்ணிப்பார்த்து மூட்டை கட்டும் பழக்கம் அங்கே வாழ்வோர்க்கு இயல்பாகவே அமைந்தது.

காய்ச்சலினின்று காத்துக்கொள்ள அக்காலத்தில் இருந்த கருவிகள் இரண்டே. ஒன்று கொசுவலை, மற்றொன்று கொயினா மருந்து. சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படும் கொயினாவை 1820ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலார் இருவர் பிரித்தெடுத்தனர். அம்மரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நீலகிரியிலும் வளர்க்கப்பட்டன. கொயினா கடுங்கசப்பு உடையது. காதிலே இரைச்சலை உண்டாக்குவது. ஆயினும் மலையில் வாழ்ந்தோர்க்கு அதனை விட்டால் வேறு புகலில்லை. நோயை உண்டாக்கும் கொசு அந்திப்பொழுது முதல் விடியற்காலம் வரை கடிக்கும் இயல்பினது. ஆகவே பொழுது சாயும்போதே உடல் முழுவதும் ஆடையால் மூடிக்கொள்வதும், வலைக்குள் உறங்குவதும் உயிர்காக்கும் செயல்களாயின.

தம்பதியர் தம்மைக் காத்துக்கொள்வதோடு நின்றுவிடவில்லை. மலைமக்களைப் பற்றிய மற்றொரு துன்பம் நரம்புச்சிலந்தி. நூல்போன்ற நீண்ட புழு ஒன்று காலிலோ கையிலோ புண் உண்டாக்கி வெளிப்படும் நோய் அது. புழுவை ஒரு குச்சியிலே சுற்றிச் சுற்றி நாள்தோறும் சிறிது சிறிதாக இழுத்து எடுத்தல் வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்து உள்ளேயே அழுகும். இந்நோயின் தோற்றம் குடிநீரில் உள்ளது. புண்ணுடைய ஒருவர் படிக்கிணற்றிலே இறங்கி நிற்க, புழுவின் குஞ்சுகள் நீரிலே கலக்கும். அவற்றை நீரில் வாழும் சிற்றுயிர்கள் உண்ணும். அந்நீரை வடிகட்டாமற் பருகுவோர் உடலிலே மீண்டும் அப்புழு வளரும். ஜெஸ்ஸி இந்நோயாளிகளுக்கு மருத்துவம் செய்ததோடு, கிணற்றினுள் எவரும் காலிட இயலாதவாறு சுற்றுச்சுவர் எழுப்புமாறும் மக்களிடம் வற்புறுத்தினார். நீரைத் துணியால் வடித்துப் பருகினாலே இந்நோய் வாராது. எளிய இவ்வுண்மை நாடெங்கும் பரவியதன் பயனாக, 2000ஆம் ஆண்டில் இந்தியா நரம்புச்சிலந்தி நோய் அற்ற நாடு என உலகச் சுகாதார நிறுவனத்தால் உறுதி செய்யப்பட்டது.

அவர்களுக்கு 1914ஆம் ஆண்டில் பால் என்னும் மகன் மலையிலேயே பிறந்தான். பின்னர்க் கோனி என்னும் மகளும் பிறந்தாள். 1923ஆம் ஆண்டில் விடுமுறை பெற்ற பெற்றோர், மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றனர். அந்நாளில் வானூர்திப் பயணம் ஏது? அரபிக்கடலையும் செங்கடலையும் சூயசுக் கால்வாயையும் நடுநிலக்கடலையும் கடந்து, வாரக்கணக்கில் கப்பலிலே செல்ல வேண்டும்.

அவர்கள் கண்ட இங்கிலாந்தின் நாட்டுப்புறமும் கொல்லிமலையும் ஒன்றற்கொன்று எத்துணை வேறுபட்டவை! அங்கே குன்றுகள் மெல்ல எழுந்து மெல்லத் தாழ்வன. வயல்களைச் சுற்றி உயிர்வேலிகள். புல்வெளியிலே மேயும் ஆடுகள். பண்ணை நிலங்களின் ஊடே எவரும் நடந்து செல்லலாம் என உரிமை அளிக்கப்பட்ட தொன்மையான நடைபாதைகள். காய்ச்சற்கொசுவைப் பற்றி அங்கே எவரும் கவலை கொள்வதில்லை. ஆனால், மலைமரங்களில் ஏறித் திரிந்த சிறுவர்க்கு அந்நாட்டுக் குளிரும் இடைவிடாத தூறலும் குளிர்காலத்தின் குறுகிய பகலும் புதியனவாக இருந்தன. வெப்பநாட்டில் வாழக் கற்ற உடல் குளிர்நாட்டிற்குப் பழகுதல் வேண்டும். குளிர்நாட்டில் பிறந்த உடல் வெப்பநாட்டிற்குப் பழகுதல் வேண்டும். ஓரிடத்திற்கு உரிய அறிவு மற்றோரிடத்திற்கு அப்படியே பொருந்துவதில்லை.

விடுமுறை முடிந்தது. மக்கள் இருவரையும் படிப்பின் பொருட்டு இலண்டனில் உறவினரிடம் விட்டுவிட்டுத் தம்பதியர் மட்டும் கொல்லிமலைக்குத் திரும்பினர். அப்போது பாலுக்கு ஒன்பது வயது. தந்தையின் முகத்தை அவன் மீண்டும் காணவில்லை. 1929ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஜெஸ்ஸியைக் கொடிய காய்ச்சல் பற்றியது. மலேரியா பலமுறை தாக்கியவர்க்கு நேரக்கூடிய கொடிய வடிவம் அது. குருதியின் சிவப்பணுக்கள் திரள்திரளாகச் சிதைந்து, சிறுநீர் கருநிறமாக வெளிப்படும். உதவிக்குத் தக்க மருத்துவமனையோ விரைந்து இறங்கப் பாதையோ இல்லாத மலையிலே, சில நாட்களுக்குள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு.

செய்தி தந்தி வழியாக இலண்டனை உடனே எட்டியது. ஆனால், தந்தை தம் கையால் எழுதிக் கப்பலில் அனுப்பிய மடல்கள் அதன் பின்னரும் மகனை வந்தடைந்தன. இறந்துவிட்டார் என அறிந்தபின் அவர் எழுதிய மடலைப் பிரித்துப் படித்த சிறுவனின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஜெஸ்ஸி கவனமற்றவர் அல்லர். கொசுவையும் அறிந்தவர், கொயினாவையும் அறிந்தவர். ஆயினும் ஓராண்டு ஈராண்டு அன்றி, ஆண்டுகள் பலவாகக் காய்ச்சல் நிலத்திலே ஊர் ஊராகச் சுற்றியவர்க்கு ஒருவர் தனித்து மேற்கொள்ளும் காப்பு போதவில்லை. இதிலே நாம் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. முன்னெச்சரிக்கை இடரைக் குறைக்கும், முற்றும் நீக்கிவிடாது. சில இடர்களை ஒரு சமுதாயமே கூடி நின்றால்தான் வெல்ல இயலும்.

அவ்வாறு கூடி நின்று வென்ற வரலாறும் உண்டு. விடுதலை பெற்ற இந்தியாவில் 1953ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. வீடுதோறும் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது, காய்ச்சலுற்றோர் குருதி ஆராயப்பட்டது, மருந்து வழங்கப்பட்டது. பின்னர்ப் பாதைகள் வந்தன. பள்ளிகளும் மருத்துவ நிலையங்களும் வந்தன. ஒரு காலத்தில் சாவு மலை என அஞ்சப்பட்ட கொல்லிமலைக்கு இன்று விடுமுறை நாட்களில் குழந்தைகளோடு மக்கள் மகிழ்ந்து செல்கின்றனர்.

கணவரை இழந்த எவ்லின் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டாரா? இல்லை. அவர் மீண்டும் கடல் கடந்து வந்தார். முதுமையிலும் மலைகளை விட்டு அகலவில்லை. கொல்லிமலையிலும் அதனை அடுத்த மலைகளிலும் குதிரைமீதும் ஊன்றுகோல் துணையோடும் சென்று, நோயுற்றோர்க்கு உதவினார். 1974ஆம் ஆண்டில் தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய மன உறுதிக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மகன் பால் பிராண்டு மருத்துவராகி, 1946ஆம் ஆண்டில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி, உலகப் புகழ் பெற்றார். அவர் கண்டறிந்து விளக்கிய ஓர் உண்மை பயணிகளுக்கும் பயன்படுவது. தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே உதிர்ந்துவிடும் என அதுவரை பலர் எண்ணியிருந்தனர். உண்மை அதுவன்று. அந்நோய் நரம்புகளைத் தாக்குவதால் வலி தோன்றுவதில்லை. வலி தோன்றாமையால் நோயாளி சூடான பாத்திரத்தைத் தொடுகிறார். முள் தைத்த காலோடு நடக்கிறார். புண் பெருகி விரலை இழக்கிறார். வலி என்பது உடலுக்கு இயற்கை வைத்த காவலன் என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார். காலிலே சிறு கொப்புளம் வலிக்கும்போதே நடையை நிறுத்திச் செருப்பைச் சரிசெய்பவன் பயணத்தை முடிப்பான்; வலியைப் பொருட்படுத்தாமல் நடப்பவன் பாதிவழியிலே படுப்பான்.

இன்று கொல்லிமலைக்குச் செல்வோர் கொள்ள வேண்டிய கவனம் வேறு வகையினது. காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பி, மெல்லத் திரும்புதல் வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடுவது மலைச்சாலையின் மரபு. இறங்கும்போது இயந்திரத்தை நிறுத்துவதும், ஓயாமல் தடையை மிதித்துக்கொண்டே வருவதும் தீங்கு தரும்; ஏறிய அதே தாழ்ந்த பல்லிணையில் இறங்குவதே முறை. வளைவுகளிலே தலைசுற்றல் உள்ளவர் வயிறு நிறைய உண்டபின் புறப்படலாகாது. மழைக்காலத்தில் கற்கள் உருளக்கூடும் ஆதலால், பொழுது சாயும் முன்னரே இறங்கிவிடுதல் நலம்.

அறப்பளீசுவரர் கோயிலை அடுத்துள்ள ஆகாயகங்கை அருவியைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது எளிது, ஏறுவதே அரிது. இதய நோயும் மூட்டு வலியும் உடையோர் தம் வலிமையை எண்ணிப்பார்த்த பின்னரே இறங்க வேண்டும். வெள்ளம் பெருகும் காலத்தில் வனத்துறையினர் குளிக்கத் தடை விதித்தால், அத்தடையை மதித்தல் வேண்டும். எடப்புளி நாடு போன்ற உட்பகுதிகளுக்குச் செல்வோர், எங்குச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடம் சொல்லிச் செல்வது நல்லது. அவ்வூர்களின் வழியையும் வானிலையையும் அங்கு வாழ்வோரினும் நன்கறிந்தவர் எவர்? அவர்களிடம் பணிவோடு கேட்டறிவதே சிறந்த முன்னெச்சரிக்கை. அவர்களுடைய வயல்வரப்பிலே நடக்கும்போதும் கோயில்களை அணுகும்போதும் அவர்தம் வழக்கத்தைப் போற்றுதல் பயணியின் கடமை.

கடல் கடந்து இங்கிலாந்தின் சிற்றூர்களைக் காணச் செல்லும் தம்பதியர்க்கும் இதே நெறி பொருந்தும். கடவுச்சீட்டும் நுழைவிசைவும் செல்லுபடியாகும் காலத்தை முதலிலே பார்த்தல் வேண்டும்; அவற்றின் படிகளைத் தனியே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அயல்நாட்டில் மருத்துவச் செலவு பெரிது ஆதலால், பயணக் காப்பீடு இன்றியமையாதது. நாள்தோறும் உண்ணும் மருந்துகளை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலேயே வைத்தல் நன்று. பெட்டி வேறு ஊருக்குப் போனாலும் மருந்து உடனிருக்கும். அங்கும் நம் நாட்டைப் போலச் சாலையின் இடப்பக்கமே வண்டிகள் செல்லும். ஆயினும் நாட்டுப்புறச் சாலைகள் குறுகியவை. இருபுறமும் உயர்ந்த வேலிகள் எதிரே வருவதை மறைக்கும். நடைபாதையிலே செல்வோர் திறந்த படலை மீண்டும் மூடிச் செல்லுதல் வேண்டும். கன்றோடு நிற்கும் பசுவை நெருங்கலாகாது. புல்லிலே நடந்து வந்தபின் உண்ணி கடித்துள்ளதா எனப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். கோடையாயினும் மழையாடையும் கம்பளி உடையும் உடன் இருக்கட்டும். இடர் நேர்ந்தால் அழைக்க அங்கே 999 என்னும் எண் உண்டு. நம் நாட்டில் 112 உண்டு. இத்தகைய எண்களைப் புறப்படும் முன்பே மனத்தில் பதித்துக்கொள்வது சிறு செயல். ஆனால் அதன் பயன் பெரிது.

முன்னெச்சரிக்கை வேறு, அச்சம் வேறு. அச்சமுடையவன் வீட்டை விட்டு வெளியேறான், உலகைக் காணான். முன்னெச்சரிக்கை உடையவன் வெளியேறுவான், கண்டு திரும்புவான். அறியாமையோடு துணிபவனோ தனக்கும் பிறர்க்கும் துன்பம் தேடுவான். வழியின் இயல்பு அறிதல், உடலின் குரலுக்குச் செவி சாய்த்தல், வாழும் மக்களை மதித்தல் என்னும் இம்மூன்றையும் மூட்டையிலே முதற்பொருளாக வைத்துப் புறப்படுவோர்க்கு மலைவழியும் கடல்வழியும் இனிய வழிகளே ஆகும்.